விட்டு விட்டு வந்த வீடியோ

புருஷன் சபருக்குப் போக வேண்டும் என்று நாகூருக்கு நேர்ந்துகொண்ட பெண்பிள்ளை குத்தாலம் பள்ளிவாசல் தெருவில் சைத்தூன் பீவி ஒருத்திதான். சபர் என்றால் அந்தத் தெருவில் வெளிநாட்டுப் பிழைப்பு. மற்ற வீடுகளில் போனவர் எப்போது திரும்புவார் என்று நாள் எண்ணுவார்கள். இவள் வீட்டில் திரும்பி வந்தவர் எப்போது போவார் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இதை யாரிடம் வாய்விட்டுச் சொல்வது? சொன்னால் ஊர் சிரிக்கும். அதனால் மனசுக்குள்ளேயே போட்டுப் பூட்டிவைத்திருந்தாள்.

ஜெக்கரியா கெட்ட மனிதர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஒரு வேளைத் தொழுகை தவறியது கிடையாது. சவூதியில் ஒரு துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினார். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்கிற ராட்சசக் கிரேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறையில் அத்தர் வாசனையோடு வருவார், விருந்தாளி போல இருந்துவிட்டுப் போவார். அந்த இரண்டு மாதமும் சைத்தூன் பீவிக்குப் பெருநாள்தான். மூன்று வருஷத்துக்கு முன் கம்பெனியில் ஆட்குறைப்பு என்றார்கள், மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார். மூன்றாவது மாதமே விருந்தாளி தொலைந்துபோய் முதலாளி வந்துவிட்டார்.

முதலில் அடுக்களை. மசாலா டப்பாக்களுக்கெல்லாம் துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்குகிற கணக்கில் நம்பர் ஒட்டினார். சோம்பு ஏ-இரண்டு, கசகசா பி-நான்கு. கை தானாகப் போகிற இடத்தில் டப்பா இருக்காது. "ஒரு முறைன்னு வேணாமா?" என்பார். அப்படியானால் இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் எந்த முறையில் சோறு பொங்கினதாம்? கேட்க வாய் வரும், விழுங்கிக்கொள்வாள்.

அடுக்களையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். வயலில் கை வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஊருக்கு மேற்கே இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு பம்ப்செட்டும் உண்டு. மாமனார் மௌத்தான பிறகு பதினெட்டு வருஷமாகக் குறுவையும் சம்பாவும் அவள் பார்த்ததுதான். எந்த வரப்பில் நண்டு வளை வைத்திருக்கிறது, எந்த மூலையில் தண்ணீர் நிற்காது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். போன வருஷக் குறுவை நடவன்று ஜெக்கரியா காலை ஏழு மணிக்கு வயலுக்கு வந்து, நடவுப் பெண்களை வரப்பில் வரிசையாக நிற்க வைத்து, 'டூல்பாக்ஸ் மீட்டிங்' போட்டார். துறைமுகத்தில் வேலை தொடங்கும் முன்னால் பாதுகாப்பைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார்களாம். "சேத்துல வழுக்கும், பாத்துக் கால வைக்கணும்" என்று, நடக்கப் பழகியதே சேற்றில்தான் என்கிற பெண்களுக்குச் சொன்னார். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாம் நாளும் மீட்டிங் நடந்தது. மூன்றாம் நாள் பாதிப் பேர் தேரழுந்தூர் பக்கம் வேறு வயலுக்குப் போய்விட்டார்கள். நாற்று முற்றிப்போயிற்று. பதினைந்து வருஷமாகத் தண்ணீர் பாய்ச்சுகிற கோவிந்தராசுவிடம் வருகைப் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மா, பாய் எப்ப சபருக்குப் போறாங்களோ அப்பச் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று கிளம்பியவர்தான்.

இந்த ஆனி மாதம் மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் வந்துகொண்டிருந்தபோது ஓமனிலிருந்து மெயில் வந்தது. அங்கே ஒரு புதிய துறைமுகம். கிரேன்மேல் ஏறி உட்காருகிற வேலை இனி இல்லையாம். குளிர்பதன அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, கையில் குச்சியை வைத்துக் கிரேனை ஓட்ட வேண்டும். அதனால் ஆள் எடுக்கிற விதமும் மாறிவிட்டது. கம்பெனி ஒரு கிரேன் விளையாட்டையும் அதை ஓட்ட இரண்டு கைப்பிடிகளையும் அனுப்பும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை விளையாட வேண்டும், விளையாடுவதை அப்படியே வீடியோவாகப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். இருபது நிமிஷம், இடையில் வெட்டு ஒட்டு கூடாது. ஐம்பத்தோரு வயதில் இன்னொரு வாய்ப்பு வராது என்பது இருவருக்கும் தெரியும்.

சைத்தூன் பீவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிக்கெட் கையில் வரும்வரை பயணத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். அவள் மெயில் வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக் கமருன்னிஸாவிடம் சொல்லிவிட்டாள். கமருன்னிஸாவிடம் சொல்வதும் பள்ளிவாசல் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். மறுநாளே தெருவிலிருந்து பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. மஸ்கட்டில் இருக்கிற மகனுக்கு இறால் கருவாடு, சலாலாவில் இருக்கிற மருமகனுக்கு ஊறுகாய், யாருக்கோ முறுக்கு. கூடத்து மூலையில் எல்லாம் பேர் எழுதி அடுக்கியிருந்தது. ஜெக்கரியா அந்த மூலையைப் பார்த்தார், மாடிக்கு ஏறிப்போய்விட்டார்.

மகள் ஹாஃபிஸா தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளுடைய கனமான கேமிங் லேப்டாப்பை அத்தாவின் டெஸ்டுக்காக வீட்டில் விட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். ஜெக்கரியா மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினார், பதிவுசெய்தார், அனுப்பினார். திங்கட்கிழமை பதில் வந்தது. வீடியோ விட்டு விட்டு வருகிறது, கன்டெய்னர் தாவித் தாவிப் போகிறது, அதன் ஊசலாட்டத்தை எப்படி நிறுத்துகிறார் என்பதே தெரியவில்லை, வெள்ளிக்கிழமை இந்திய நேரம் மாலை ஐந்து மணிக்குள் சரியான வீடியோ வராவிட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம்.

"சரி, நமக்கு நசீபு இல்ல" என்றார் ஜெக்கரியா.

"நசீபாவது ஒண்ணாவது! வெள்ளிக்கெழமைக்கு இன்னும் நாலு நாளு கெடக்கு" என்றாள் சைத்தூன் பீவி. கம்ப்யூட்டரை அதுவரை துணியால் துடைத்தது தவிர அவள் தொட்டதில்லை. மறுநாள் விடிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்குப் போனாள், மகளை வீடியோ காலில் பிடித்தாள்.

"உம்மா, ஃபைலு எங்க சேவ் ஆவுது பாருங்க."

"அத்தா பென்டிரைவுலதான் போடுறாங்க. எடுத்துட்டுப் போவ லேசா இருக்குமாம்."

"யா அல்லா! ரெக்கார்ட் ஆவுறப்பவே நேரா பென்டிரைவுக்கா? அது எழுதுற வேகத்துக்கு நத்தை தேவல. லேப்டாப்புக்குள்ளயே சேவ் பண்ணச் சொல்லுங்க, அப்புறமா எடுத்துக்கலாம்."

அதை மாற்றினார்கள். கொஞ்சம் தேறியது, ஆனாலும் தாவல் நிற்கவில்லை. பதிவுசெய்கிற திரையின் அடியில் சிவப்பாக ஏதோ எழுத்து மின்னுவதை சைத்தூன் பீவி பார்த்துவிட்டாள். போனைத் திருப்பிக் காட்டினாள். வீடியோவைச் சுருக்கிக் கட்டுகிற வேலை பிராசசர் தலையில் விழுகிறது, அதற்கு மூச்சு முட்டுகிறது, கிராஃபிக்ஸ் கார்டிடம் அந்த வேலையை மாற்றிக் கொடுங்கள் என்றாள் மகள். எங்கே அமுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிவப்பு எழுத்து போயிற்று. தாவல் பாதியாகக் குறைந்தது.

"பாதி போதாது ஹாஃபிஸா. இன்னும் தத்துது."

"இருங்க, கேம் செட்டிங்ஸ காட்டுங்க. ஆ, இதான். கேம் நொடிக்கு எத்தன படம் போடலாம்னு கட்டுப்பாடே வெக்கல. கார்டுல இருக்குற சக்தி பூராவையும் கேமே உறிஞ்சிக்குது. ரெக்கார்டிங்குக்கு மிச்சமே இல்ல."

சைத்தூன் பீவிக்கு இது சட்டென்று பிடிபட்டது. "மேல்மடைக்காரன் பூராத் தண்ணியையும் வாரிக்கிட்டா கடைமடைக்கு எங்கேருந்து வரும்? அதான?"

"அதேதான் உம்மா! அறுபதுல அடைச்சு விடுங்க."

அறுபதில் அடைத்துவிட்டாள். இந்த விஷயத்தை இன்ஜினியரிங் படிக்கிறவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று உள்ளுக்குள் ஒரு மிதப்புகூட வந்தது. அது செவ்வாய்க்கிழமை காலை.

அன்று மதியம் ஜெக்கரியா பதிவுசெய்தார். நடுவில் பத்து நிமிஷம் கரண்டு போயிற்று, பேட்டரியில் ஓட்டி முடித்தார். கீழே கொண்டுவந்து காட்டினார். நடுவில் ஒரு பத்து நிமிஷம் மறுபடி தத்தல். "கரண்டு போனதுல கெட்டுப்போச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். புதன்கிழமை கரண்டு போகவில்லை. ஆனால் வீடியோ ஏறக்குறைய முழுக்கத் தத்தியது. கன்டெய்னர் இங்கே இருக்கும், கண் இமைத்தால் அங்கே இருக்கும். வியாழக்கிழமையும் அதே கதை.

அவள் சும்மா விடுகிற ஆளா? வியாழக்கிழமை மத்தியானம் ஜெக்கரியா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் மாடிக்குப் போய் அவளே உட்கார்ந்தாள். விளையாட்டைத் திறந்தாள், பதிவு பட்டனை அமுக்கினாள். கிரேனை ஓட்டியதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். முதல் கன்டெய்னரைக் கப்பல் சுவரில் இடித்தாள், இரண்டாவதைக் கடலில் போட்டாள், மூன்றாவதை லாரி டிரைவர் தலைமேலேயே இறக்கினாள். ஆனால் அந்த வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது அசந்துபோனாள். கன்டெய்னர் கடலில் விழுவதுகூட வெண்ணெய் வழுக்குவது போல வந்திருந்தது. ஒரு தத்தல், ஒரு தாவல் கிடையாது.

அதே லேப்டாப், அதே மேசை, அதே செட்டிங். அவள் ஓட்டினால் வழுக்குகிறது, அவர் ஓட்டினால் தத்துகிறது. கமருன்னிஸாவாக இருந்தால் ஜின் வேலை என்று சொல்லி ஓதிப் பார்க்கச் சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை ஜெக்கரியா குளித்து, வெள்ளை உடுத்தி ஜும்ஆவுக்குப் போனார். இரண்டு மணிக்குத் திரும்புவார், சாப்பிடுவார், கடைசியாக ஒருமுறை பதிவுசெய்வார், ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். சைத்தூன் பீவி அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். புதன்கிழமை வீடியோவையும் வியாழக்கிழமை வீடியோவையும் தன்னுடையதையும் மாற்றி மாற்றி ஓட்டினாள். கண்ணால் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். லேப்டாப் மைக் அறையில் கேட்ட எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. நாற்காலி நகர்கிற சத்தம், அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம், தெருவில் ஒரு மீன்காரர் கூவுகிற சத்தம். பிறகு ஒரு 'டக்'.

நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். அந்த அறைச் சுவிட்சுகள் அவள் மாமனார் காலத்துச் சுவிட்சுகள். விளக்குச் சுவிட்சு 'டிக்' என்று மெலிசாக விழும், மேசைக்கு அடியில் சார்ஜர் சொருகியிருக்கிற பிளக் சுவிட்சு மட்டும் 'டக்' என்று விழும். இத்தனை வருஷம் அந்த அறையைப் பெருக்கியவளுக்கு அது தெரியாதா? புதன்கிழமை வீடியோவில் பன்னிரண்டாவது நொடியில் 'டக்'. அதுவரை கன்டெய்னர் வழுக்கிக்கொண்டு வருகிறது. அதற்குப் பிறகு தத்துகிறது. வியாழக்கிழமை வீடியோவில் ஒன்பதாவது நொடியில் 'டக்'. அவள் விளையாடியதில் அப்படி ஒரு சத்தமே இல்லை.

மகளுக்குப் போன் போட்டாள். "சார்ஜர் இல்லாம ஓட்டுனா என்ன ஆவும்?"

"பேட்டரியில ஓடுறப்ப அது சக்திய பாதியாக் கொறச்சுக்கும் உம்மா. கேமும் தத்தும், ரெக்கார்டிங்கும் தத்தும். ஏன், அத்தா சார்ஜர் போடலையா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

முதலில் அவள் நல்லதாகத்தான் நினைத்துப் பார்த்தாள். ஊரில் பம்ப்செட்டுகளுக்கு மும்முனைக் கரண்டு விடுகிற நேரத்தில் வீடுகளில் மின்விசிறி கிறங்கிப்போகும். லோ வோல்டேஜில் லேப்டாப் கெட்டுவிடும் என்று பயந்து அணைக்கிறாரோ என்னவோ. மனிதர் வாய்திறந்து சொல்ல மாட்டார். ஆண்டவனே, அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஜெக்கரியா வந்தார். பிரியாணி வைத்தாள், தாளிச்சா ஊற்றினாள். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, வோல்டேஜுக்குப் பயந்து சார்ஜர் சுவிட்ச அணைக்கிறீங்களா? அப்படின்னா ஃபிரிட்ஜுல இருக்குற ஸ்டெபிலைசர மேல கொண்டாந்து வெக்கிறேன்."

"சுவிட்சா? நான் எந்தச் சுவிட்சையும் தொடறதில்லையே" என்றார். சொல்லும்போது தட்டைப் பார்த்துச் சொன்னார்.

பொய். தொழுகையிலிருந்து வந்த வாயோடு பொய். சைத்தூன் பீவிக்கு ரத்தம் தலைக்கேறியது. அவர் கை கழுவி மாடிக்குப் போனார். பின்னாலேயே ஏறிப்போய், லேப்டாப்பைத் திறந்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி, புதன்கிழமை வீடியோவை ஓட்டினாள். 'டக்'. வியாழக்கிழமை வீடியோவை ஓட்டினாள். 'டக்'.

ஜெக்கரியா நாற்காலியில் உட்கார்ந்தார். கிரேன்காரர்களுக்குக் கை நிதானம் போகக் கூடாது என்பார். அப்போதும் இரண்டு கையும் முழங்கால்மேல் ஆடாமல்தான் இருந்தன.

"மொத வீடியோ நெசமாவே பென்டிரைவாலதான் கெட்டுச்சு" என்றார். "செவ்வாக்கெழம கரண்டு போனப்பதான் தெரிஞ்சுது, சார்ஜர் இல்லன்னா தத்தும்னு."

"தெரிஞ்சதும் வேணும்னே அணைச்சீங்களா?"

"ம்."

"போவ விருப்பமில்லன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? நாலு நாளா என்னைய லூசாக்கி, அந்தப் புள்ளைய லூசாக்கி! தெருவே சாமான் கட்டிக் குடுத்துருக்கு. நாளைக்கு அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"தெருவுக்குச் சொன்னது நானா?"

மின்விசிறி கிறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே எங்கோ மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன் சைத்தூனு" என்றார்.

"என்னத்த?"

"எப்பவும் சொல்றத."

அவளுக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் பதினோரு முறை அவரை வழியனுப்பியிருக்கிறாள். பதினோரு முறையும், கார் வாசலில் வந்து நின்ற பிறகு, உள் அறையில் வைத்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். போகாதீங்க, கஞ்சியோ கூழோ இங்கேயே குடிச்சுக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, எல்லாருக்கும் முன்னால் போய்ட்டு வாங்க என்பாள். இந்த முறை மெயில் வந்ததிலிருந்து ஒரு முறைகூட அதைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவர் மெயில் வந்த நாளிலிருந்து காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"இப்பச் சொல்லு. ஒரே ஒரு தடவ சொல்லு. லேப்டாப்ப மூடி வெச்சிட்டு, தெருவுல ஒவ்வொரு வீடா நானே போயி சாமானத் திருப்பிக் குடுத்துட்டு வர்றேன். உனக்கு ஒரு தலகுனிவும் வராது."

சைத்தூன் பீவி வாயைத் திறந்தாள். போகாதீங்க என்கிற ஒரே வார்த்தை. அப்போது பதினோரு முறை சொன்னபோதும் மனசறிந்துதான் சொன்னாள், அந்த அழுகை நடிப்பில்லை. ஆனால் என்ன சொன்னாலும் கார் கிளம்பத்தான் போகிறது என்று தெரிந்து சொன்னது அது. இப்போது சொன்னால் இருந்துவிடுவார். நாளைக் காலை ஏழு மணிக்கு வரப்பில் நிற்பார், நாளை மறுநாளும் நிற்பார், அவள் கண்மூடுகிற வரைக்கும் நிற்பார். வார்த்தை வரவில்லை.

"நீங்க இல்லாத வீட்டுல இருந்து எனக்குப் பழகிப்போச்சுங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் உங்களக் குத்தம் சொல்லல. நீங்க எங்களுக்காகத்தான் போனீங்க. ஆனா பழகிப்போச்சு."

கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கும் அங்க பழகிப்போச்சு" என்றார். "அந்தக் கிரேன்ல ஏறுனா நான் ஒரு ஆளு. எறங்குனா ஒண்ணுந் தெரியாது. இங்க வந்து வேற என்ன செய்றதுன்னு தெரியாமத்தான் அடுக்களையிலயும் வயல்லயும் அதையே செஞ்சு பாத்தேன். நீங்கள்லாம் சிரிச்சீங்க. சிரிக்கிறது தெரியாம இல்ல."

சைத்தூன் பீவிக்கு ஐயோ பாவமே என்று இருந்தது. அப்படி இருந்தும் அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவே இல்லை.

"மணி என்ன?" என்றார்.

"மூணே கால்."

"சரி, நில்லு. சத்தம் போடாத. மைக்ல விழும்."

குனிந்து சார்ஜரை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். விளையாட்டைத் திறந்தார், பதிவு பட்டனை அமுக்கினார், இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தார்.

சைத்தூன் பீவி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். புருஷன் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருஷச் சோறு அந்த வேலையில் வந்தது, ஆனால் அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது பார்த்தாள். கப்பலின் அடிவயிற்றிலிருந்து கன்டெய்னர் எழுந்தது. நாற்பது டன் இரும்பு கயிற்றில் தொங்கிக்கொண்டு கரைப்பக்கம் ஓடியது. நிறுத்தினால் ஊஞ்சல் போல முன்னால் போய்ப் பின்னால் வர வேண்டியதுதானே? அவர் நிறுத்தவில்லை. கன்டெய்னர் முன்னால் போகிற அதே நேரத்தில் கிரேனையும் ஒரு விரல் கனத்துக்கு முன்னால் விட்டார். ஆட்டம் அப்படியே செத்துப்போனது. லாரியின் மேல், நான்கு மூலையும் நான்கு பூட்டில் உட்கார, தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவது போல இறக்கினார். அடுத்தது. அதற்கடுத்தது. விளையாட்டில் காற்று அடித்தது, வெளிச்சம் மங்கியது, லாரி கோணலாக வந்து நின்றது. அவர் தோள் அசையவில்லை. அடுக்களையில் டப்பா அடுக்கிய மனிதரா இவர்? வரப்பில் நின்று அசடு வழிந்த மனிதரா? இவ்வளவு பெரிய வேலைக்காரரையா மூன்று வருஷமாக வீட்டில் வைத்துக்கொண்டு எப்போது போவார் என்று எண்ணினாள்?

இருபது நிமிஷம் முடிந்தது. அவர் பதிவை நிறுத்திவிட்டு, வீடியோவை முதலிலிருந்து ஓட்டிக் காட்டினார். ஓடுகிற தண்ணீர் போல வந்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார், திரும்பாமலேயே.

சைத்தூன் பீவிக்குக் கண் நிறைந்திருந்தது. பெருமையில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். "மாஷா அல்லாஹ்! இதப் பாத்துட்டு எவனுங்க உங்கள வேணாம்னு சொல்லுவான்?"

"அவனுங்க சொல்ல மாட்டானுங்க" என்றார் ஜெக்கரியா.

சொல்லிவிட்டு அனுப்புகிற பட்டனை அமுக்கினார். அவள் அவர் தோளைத் தொடக் கையை எடுத்தாள், எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். திரையில் நீலக்கோடு மெல்ல மெல்ல நகர்ந்து கடைசிவரை போய் நின்றது. மணி நான்கு அடித்து ஐந்து நிமிஷம். வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது.